மலிவான ஒயினில் பணம் எங்கே போகிறது? மளிகைக் கடை அலமாரியில் நல்ல பாட்டிலைக் கண்டெடுக்கும் வழி

சூப்பர் மார்க்கெட்டின் ஒயின் வரிசையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது, சுவைத்துப் பார்க்கவும் வழியில்லை. பாட்டிலும் அதில் ஒட்டிய லேபிளும் மட்டுமே கையில் இருக்கும். ஆனால் பலர் நினைப்பதைவிட அதிகமான தகவல் அந்த லேபிளில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: இந்த விலையில் திராட்சைக்கு என்று எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, கப்பல் கூலி, கிடங்கு வாடகை ஆகிய செலவுகள் உள்ளே எந்த ஒயின் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பல நாடுகளில் மதுவரியையும் விலையைப் பார்த்துப் போடுவதில்லை. அளவையும் ஆல்கஹாலையும் பார்த்தே போடுகிறார்கள். அதனால் கடையிலேயே மிக மலிவான பாட்டிலில் இந்த நிலையான செலவுகள் போக ஒயினுக்கு மிஞ்சுவது சொற்பம். ஒரு படி மேலே போனால் அந்தச் செலவுகள் அப்படியே நிற்க, கூடுதலாகக் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு ஒயினுக்குப் போகிறது. விலை இரண்டு மடங்காகும்போது ஒயினின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேலாகவே கூடும். ஆகவே மிக மலிவான விலைப் படியை விட்டுவிட்டு இரண்டாம், மூன்றாம் படியில் தேடுவதுதான் சிக்கனம். அதற்கும் மேலே ஏற ஏற, கொடுக்கும் காசு நிலத்தின் மதிப்புக்கும் ஊரின் புகழுக்கும் பீப்பாய்க்கும் காத்திருப்புக்கும் பிரிந்துபோகத் தொடங்கும்.

இந்த நான்கும் இல்லாமலேயே நல்ல ஒயின் செய்ய முடியும். மலிவு விலையில் தேட வேண்டியது அப்படிச் செய்யப்பட்டதைத்தான்.

புகழ்பெற்ற பெயர்களின் அடிமட்டம்

மளிகைக் கடையில் பலர் செய்யும் தவறு, கேள்விப்பட்ட பெரிய பெயரின் மிக மலிவான பாட்டிலை எடுப்பது. பர்கண்டி, ஷாதோநெஃப் து பாப், பரோலோ, நாப்பா, ஷாம்பெயின் போன்ற இடங்களில் நிலமே பெருவிலை. அந்தப் பெயரைத் தாங்கிய மிக மலிவான பாட்டிலில், அங்கே யாரும் விரும்பாத திராட்சையும் மற்றவர்கள் கழித்துவிட்ட தொட்டியும்தான் பெரும்பாலும் வந்து சேரும். பெயருக்கான காசை வாங்கிக்கொள்வார்கள், பெயருக்குரிய ஒயின் உள்ளே இருக்காது.

திராட்சை வகைகளிலும் இதே கதைதான். பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் தோல் மெல்லியது, எளிதில் அழுகும், குளிர்ந்த இடத்தைக் கேட்கும். கொடியில் காயைக் கூட்டினால் சாறு நீர்த்துவிடும். அதை மலிவாகச் செய்ய வேண்டுமென்றால் வெப்பமான சமவெளியில் நிறைய விளைவித்து, வேறு கருந்திராட்சைச் சாற்றைக் கலந்து நிறமேற்ற வேண்டியிருக்கும். சட்டமும் இடம் கொடுக்கிறது. லேபிளில் ஒரு வகையின் பெயரைப் போட ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 சதவீதமும், அமெரிக்காவில் பொதுவாக 75 சதவீதமும் அந்தத் திராட்சை இருந்தால் போதும். கலப்பது குற்றமில்லை, நல்ல ஒயின்கள் பலவும் கலவைகளே. ஆனால் மலிவான பினோ நுவாரில் மீதி 15 அல்லது 25 சதவீதம் வேலை செய்வது, முதல் பங்கில் உள்ள குறையை மறைக்கத்தான்.

எந்த ஊர், எந்தத் திராட்சை

நிலம் மலிவு, வெயில் நிச்சயம், பெயர் அவ்வளவாகப் பரவவில்லை என்ற மூன்றும் சேர்ந்த இடங்களில்தான் கொடுத்த காசு பாட்டிலுக்குள் போகிறது.

சிவப்பில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பெயினின் அரகோன் பகுதி. காம்போ டி போர்ஹா, கலத்தயூத், கரின்யேனா ஆகிய மூன்று பெயர்களில் எது லேபிளில் இருந்தாலும் கார்னாச்சா திராட்சை உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கம்பி கட்டாமல் புதர் போல வளர்ந்த பழைய கொடிகள் ஏராளம். வறண்ட நிலம் என்பதால் பூஞ்சை மருந்துச் செலவு குறைவு. விளைச்சலை வாங்கி ஒயின் செய்பவை பெரும்பாலும் கூட்டுறவு ஆலைகள். ஆல்கஹால் 14, 14.5 என்று ஏறியிருக்கும். அது அந்தத் திராட்சையின் இயல்பு. துவர்ப்பு மென்மையாகவும் பழச்சுவை நிறைவாகவும் இருக்கும். தென்கிழக்கே ஹுமில்யாவிலும் யெக்லாவிலும் விளையும் மொனாஸ்ட்ரெல் இன்னும் கறுத்தது, கனமானது.

போர்ச்சுகலின் அலென்தேஷு, லிஸ்போவா, டாவுன் பகுதிகளும் இதே கணக்கில் வருகின்றன. அங்குள்ள திராட்சைப் பெயர்கள் வெளியே பலருக்குத் தெரியாது. கபர்னே, மெர்லோ என்று பழகிய திராட்சைப் பெயர்களைத் தேடி வருகிறவர்கள் தாண்டிப் போய்விடுவதால் விலை ஏறவில்லை.

பிரான்சின் தெற்கே லாங்டாக் பகுதியில் கொர்பியேர், மினெர்வுவா என்ற பெயர்களைப் பாருங்கள். ரோன் பள்ளத்தாக்கில் வெறும் கோத் து ரோனைவிட, ‘வில்லாஜ்’ என்று சேர்த்து எழுதியது பொதுவாக ஒரு படி மேல். அங்கே விதிகள் இன்னும் கடுமை, விலை வித்தியாசமோ சிறிது. போஜொலேயும் அப்படியே. போஜொலே வில்லாஜ் என்பது காமே திராட்சையில் செய்த இலகுவான சிவப்பு. புதிய பீப்பாய் பெரும்பாலும் படாதது, சற்றுக் குளிர்வித்துக் குடிக்க ஏற்றது.

இத்தாலியில் மொன்தெபுல்சானோ தப்ருஸோ. இதை வினோ நோபிலே தி மொன்தெபுல்சானோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது அட்ரியாட்டிக் கரையோர அப்ருஸோவில் மொன்தெபுல்சானோ என்ற திராட்சையில் செய்வது; பின்னது டஸ்கனியில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கி, சாஞ்சோவேசேயை முதன்மையாகக் கொண்டு செய்வது. மலிவு விலையில் நம்பி எடுக்கத் தகுந்தது முன்னதே. நிறம் அடர்த்தி, புளிப்பு போதுமானது, துவர்ப்பு கரடில்லை.

சிலியின் கார்மெனேருக்குத் தனி வரலாறு உண்டு. பிரான்சின் பொர்தோ பகுதியில் ஏறக்குறைய மறைந்துபோன இந்தத் திராட்சை, சிலியில் மெர்லோ என்ற பெயரிலேயே பல காலம் விற்கப்பட்டது. 1994-ல் பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர் ஜான் மிஷெல் பூர்சிகோ அதை அடையாளம் காட்டினார். மெர்லோவைவிட இது தாமதமாகப் பழுப்பது. முன்கூட்டியே பறித்துவிட்டால் பச்சைக் குடைமிளகாய் வாசனை ஓங்கி நிற்கும். மலிவான கார்மெனேரில் பெரும்பாலும் கெடுவது இதுதான். அந்த வாசனைக்குக் காரணமான பைரசின் சேர்மங்கள் காய் பழுக்கப் பழுக்கக் குறையும். அர்ஜென்டினாவின் மால்பெக்கில் இந்தச் சிக்கல் குறைவு என்பதால், அறிமுகமில்லாத தயாரிப்பாளரின் பாட்டிலாக இருந்தால் மால்பெக்கே பாதுகாப்பான தேர்வு.

வெள்ளையில் தேர்வு இன்னும் எளிது. நல்ல மலிவான வெள்ளைக்குத் தேவை பழுதில்லாத திராட்சை, குளிர்ச்சியான எஃகுத் தொட்டி, விரைவான பாட்டிலிடல். தென்னாப்பிரிக்காவின் செனின் பிளாங் இந்த விலையில் உலகின் மிகச் சிறந்த வெள்ளைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். அந்த நாட்டில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சையே அதுதான். முன்பு பிராந்தி வடிக்க நட்ட கொடிகள் பல இன்று வயதேறி, நல்ல ஒயினுக்கான செறிவோடு காய்க்கின்றன. பிரான்சின் கஸ்கோன் பகுதியின் கதையும் இதுவே. அர்மஞாக் பிராந்திக்காக வளர்த்த கொலம்பார், உனி பிளாங் திராட்சைகள் இப்போது ‘கோத் த கஸ்கோன்’ என்ற பெயரில் புளிப்பும் சிட்ரஸ் மணமும் கொண்ட இலகுவான வெள்ளையாக வருகின்றன.

பிரான்சின் லுவார் ஆற்று முகத்துவாரத்து வெள்ளையான மஸ்கடேயில் ‘சுர் லீ’ என்ற சொற்கள் இருந்தால் எடுங்கள். நொதித்து அடியில் படிந்த ஈஸ்ட்டோடு ஒரு குளிர்காலம் கிடந்த ஒயின் அது. அதனால் அதற்கு ஒரு கனமும் லேசான ரொட்டி மணமும் கிடைக்கின்றன. பீப்பாய்ச் செலவில்லாமல் ஒயினுக்கு உடல் கொடுக்கும் வழி இது. ஸ்பெயினின் ருவேதாவில் வெர்தெஹோ, லாங்டாக்கில் பிக்பூல் டி பினே, ஆஸ்திரியாவில் ஒரு லிட்டர் பாட்டிலில் வரும் க்ருனர் வெல்ட்லினர் ஆகியவையும் நம்பத் தகுந்தவை.

குமிழி ஒயினில் ஷாம்பெயினின் அடிமட்டத்தைத் தேடாமல், அதே முறையில் பாட்டிலுக்குள்ளேயே குமிழி உண்டாக்கும் இரண்டாம் நொதித்தல் நடந்த ஸ்பெயினின் காவாவையும் பிரான்சின் க்ரெமானையும் தேடுங்கள். இரண்டிலும் ஈஸ்ட் படிவோடு குறைந்தது 9 மாதம் பாட்டிலில் கிடக்க வேண்டும் என்பது விதி. காவா ரிசர்வா என்றால் 18 மாதம். இத்தாலியின் ப்ரொசெக்கோவில் இரண்டாம் நொதித்தல் பெரும்பாலும் பெரிய தொட்டியில் நடக்கிறது. பழ மணம் கூடுதல், ஈஸ்ட்டின் ஆழம் குறைவு. இது குறையல்ல, வேறு பாணி.

பீப்பாய் வாசனையும் ‘ரிசர்வ்’ என்ற சொல்லும்

225 லிட்டர் ஓக் பீப்பாயிலிருந்து 300 பாட்டில் கிடைக்கும். புதுப் பீப்பாய் மூன்று நான்கு ஆண்டுகளுக்கே சுவை தரும். பிறகு அது வெறும் பாத்திரம். அந்தச் செலவை 300-ஆல் வகுத்துப் பார்த்தாலே மலிவான பாட்டிலில் புதுப் பீப்பாய்க்கு இடமில்லை என்பது தெரியும். அப்படியிருந்தும் ஷார்டனே திராட்சையில் செய்த மலிவான வெள்ளையில் வெனிலாவும் தேங்காய் மணமும் தூக்கலாக இருந்தால், எஃகுத் தொட்டியில் ஓக் சில்லுகளையோ பலகைகளையோ ஊறவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியமும் 2006 முதல் இதை அனுமதிக்கிறது. இது உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் திராட்சையிடம் சொல்ல ஏதும் இல்லாதபோதுதான் இந்த மணம் அளவுக்கு மிஞ்சிச் சேர்க்கப்படுகிறது. பின்லேபிள் முழுக்க வெனிலா, டோஸ்ட், மோக்கா என்று பேசினால் அந்தப் பாட்டிலை வைத்துவிட்டு, பீப்பாய் படாதது என்று சொல்லும் பக்கத்துப் பாட்டிலை எடுப்பது நல்லது.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு ஸ்பெயினின் ரியோஹா பகுதி. அங்கே சிவப்பில் ‘கிரியான்சா’ என்றால் குறைந்தது 2 ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓராண்டு பீப்பாயில். ‘ரிசர்வா’ என்றால் 3 ஆண்டு, அதிலும் குறைந்தது ஓராண்டு பீப்பாயில். ‘கிரான் ரிசர்வா’ என்றால் 5 ஆண்டு. காத்திருக்கும் செலவைத் தயாரிப்பாளரே ஏற்று, குடிக்கத் தயாரான நிலையில் கடைக்கு அனுப்புகிறார். பழைய பீப்பாய்களையும் பயன்படுத்துவதால் விலை கட்டுக்குள் நிற்கிறது. பீப்பாய்ச் சுவை வேண்டும் என்றால் மளிகைக் கடையில் ரியோஹா கிரியான்சாவைவிட நேர்மையான பாட்டில் கிடைப்பது அரிது.

ஆனால் அதே ‘ரிசர்வ்’ அமெரிக்க பாட்டிலிலோ ஆஸ்திரேலிய பாட்டிலிலோ இருந்தால் அதற்குச் சட்டப் பொருள் எதுவும் இல்லை. ‘பழைய கொடி’ என்பதும் பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். எத்தனை வயது என்று அங்கெல்லாம் சட்டம் வரையறுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில், 35 வயது கடந்த கொடிகளுக்கான சான்று முத்திரை நட்ட ஆண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

பின்லேபிள்தான் பேசும்

முன்லேபிள் விற்பதற்கு, பின்லேபிள் சட்டத்துக்கு. படிக்க வேண்டியது பின்லேபிளை.

முதலில், யார் பாட்டிலிட்டார்கள் என்று பாருங்கள். பிரெஞ்சு லேபிளில் ‘மீஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்’ அல்லது ‘ஓ ஷாதோ’, இத்தாலியில் ‘இம்போத்திலியாதோ அல்லோரிஜினே’, ஜெர்மனியில் ‘குட்ஸ்அப்ஃபியூலுங்’ என்றிருந்தால், திராட்சை விளைந்த இடத்தாரே ஒயினைச் செய்து அடைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ‘ப்ரொட்யூஸ்டு அண்ட் பாட்டில்டு பை’ என்றால் அந்த ஆலை குறைந்தது 75 சதவீதத்தைத் தானே நொதிக்க வைத்திருக்க வேண்டும். ‘செல்லார்டு’, ‘வின்டட்’ என்ற சொற்கள் இருந்தால் ஒயினை வேறெங்கோ வாங்கிப் பெயர் போட்டிருக்கலாம். கூட்டுறவு ஆலையின் பெயர் இருந்தால் தயங்க வேண்டாம். தெற்கு ஐரோப்பாவில் மலிவான நல்ல ஒயினின் முதுகெலும்பே அவைதான்.

கடையின் சொந்தப் பிராண்ட் பாட்டில்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. விளம்பரச் செலவு இல்லாததால் அவற்றில் ஒயினுக்குக் கூடுதல் காசு மிஞ்சலாம். பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு: இடம் எவ்வளவு குறுகலாகச் சொல்லப்பட்டிருக்கிறது? ஒரு நாட்டின் பெயர் மட்டும் போட்டிருந்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் திரட்டியது. ‘மினெர்வுவா’ என்றோ ‘கலத்தயூத்’ என்றோ சிறு பகுதியைக் குறித்து, தயாரித்த ஆலையின் பெயரையும் சொன்னால் அது பெரும்பாலும் ஒழுங்கான ஒயின்.

அடுத்து ஆல்கஹால். திராட்சைச் சாற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். எனவே ரீஸ்லிங் என்ற வெள்ளையில் 8 சதவீதம் என்றால் நொதித்தல் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது, மீதிச் சர்க்கரை உள்ளே இருக்கிறது, இனிக்கும். 12 சதவீத ரீஸ்லிங் பெரும்பாலும் இனிக்காது. ஜெர்மன் லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பற்றது. குமிழி ஒயினில் ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள், ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்றால் 12 முதல் 17 கிராம், ‘டெமி செக்’ என்றால் 32 முதல் 50 கிராம் வரை. இனிப்பில்லாதது வேண்டும் என்று எக்ஸ்ட்ரா ட்ரையை எடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

மலிவான சிவப்பு ஒயின்களில் சர்க்கரை சத்தமில்லாமல் நுழைகிறது. பெரிய பிராண்டுகள் பலவற்றில் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் மிச்சம் விடுவார்கள்; முன்லேபிளில் அது தெரியாது. துவர்ப்பையும் கசப்பையும் சர்க்கரை மூடுவதால் முதல் வாய் வழவழப்பாகத் தோன்றும், இரண்டாம் குவளையில் திகட்டும். இதைக் கண்டுபிடிக்க இப்போது நல்ல வழி இருக்கிறது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு உற்பத்தியான, ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒயின்கள் உட்பொருள் பட்டியலையும் ஊட்டச்சத்து விவரத்தையும் தர வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைக் கியூஆர் குறியீட்டின் வழியாகத் தருகிறார்கள். கடையிலேயே போனில் ஸ்கேன் செய்து, 100 மில்லிக்குச் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. 0.4-க்குள் இருந்தால் இனிப்பற்றது. 1 கிராமைத் தாண்டினால் நாக்குக்கே தெரியும். உட்பொருளில் அடர்த்தியாக்கிய திராட்சைச் சாறு, கம் அராபிக் என்ற பிசின் ஆகியவை இருக்கின்றனவா என்பதும் அங்கே தெரியும். இவை தடை செய்யப்பட்டவை அல்ல. ஆனால் இரண்டும் சேர்ந்து இருந்தால், அந்த வழவழப்பு பழத்திலிருந்து மட்டும் வந்ததில்லை.

இரண்டு பாட்டிலைக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே விலை. முதலாவது காம்போ டி போர்ஹா கார்னாச்சா: கூட்டுறவு ஆலையின் பெயர், 14.5 சதவீதம், திருகு மூடி, மெல்லிய கண்ணாடி, இரண்டாண்டுக்கு முந்தைய அறுவடை, பீப்பாய் பற்றிப் பேச்சில்லை. இரண்டாவது பினோ நுவார் ‘ரிசர்வ்’: கைக்குக் கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி, மெழுகு பூசிய கழுத்து, முன்லேபிளில் கோட்டைப் படம், பின்லேபிளில் ஒரு பெரிய பகுதியின் பெயர் மட்டும், ‘செல்லார்டு பை’ என்ற சொல், டோஸ்ட் செய்த ஓக் பற்றி இரண்டு வரி. இரண்டாவதில் காசு கண்ணாடிக்கும் மெழுகுக்கும் படத்துக்கும் போயிருக்கிறது. சாதாரணக் காலிப் பாட்டில் 400 முதல் 550 கிராம் வரை இருக்கும். கனமானது 900 கிராமையும் தாண்டும். அந்த வித்தியாசத்துக்குக் கப்பல் கூலியும் நாமே கொடுக்கிறோம். அடிக்குழியின் ஆழத்துக்கும் ஒயினின் தரத்துக்கும் தொடர்பு கிடையாது.

பதக்கம், மதிப்பெண், தள்ளுபடி

பாட்டிலில் ஒட்டிய தங்கப் பதக்கத்தை நம்பி மட்டும் வாங்காதீர்கள். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, அது என்னவென்று தெரியாமல், ஊற்றிக் கொடுத்து ராபர்ட் ஹாட்ஜ்சன் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் ஏறக்குறைய 10 சதவீதம் பேர்தான். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, விலை தெரியாமல் 6,000-க்கும் மேற்பட்ட முறை சுவைத்துப் போட்ட மதிப்பெண்களை அலசியது. பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினைக் கூடுதலாக விரும்பவில்லை; சொல்லப்போனால் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். மலிவாகத் தேடுபவருக்கு இது நல்ல செய்தி.

அலமாரி விளிம்பில் தொங்கும் மதிப்பெண் அட்டையைப் பார்த்தால் அதில் உள்ள ஆண்டும் பாட்டிலில் உள்ள ஆண்டும் ஒன்றா என்று சரிபாருங்கள். பல நேரம் ஒத்துப்போகாது. ஆண்டு முழுக்கத் தள்ளுபடியில் கிடக்கும் பாட்டிலுக்கு அந்தத் தள்ளுபடி விலைதான் உண்மை விலை. புது அறுவடை வந்துவிட்டதென்று பழைய ஆண்டைத் தள்ளிவிடும் விற்பனை வேறு. அதில் சிவப்பாக இருந்தால் எடுக்கலாம், ரோசே எனும் இளஞ்சிவப்பு ஒயினாக இருந்தால் வேண்டாம்.

கடையில் அது எங்கே நின்றது

நல்ல ஒயினையும் கடை கெடுத்துவிட முடியும். முதல் எதிரி வெளிச்சம். நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் உள்ள ஒயின் டியூப் லைட்டுக்கு அருகில் சில மணி நேரம் நின்றாலே மாறத் தொடங்கிவிடும். ஒயினில் இயல்பாக உள்ள ரிபோபிளேவின் என்ற வைட்டமின் ஒளியை உறிஞ்சி, கந்தகம் கொண்ட அமினோ அமிலமான மெத்தியோனினைச் சிதைக்கிறது. அதனால் வெந்த முட்டைக்கோஸ், ஈரக் கம்பளி போன்ற நாற்றம் வருகிறது. ரோசேயும் வெளிர் வெள்ளைகளும் குமிழி ஒயின்களும் இதில் அதிகம் பாதிக்கப்படும். பச்சைக் கண்ணாடி ஓரளவு தடுக்கும், பழுப்பு இன்னும் நன்றாகத் தடுக்கும். நிறமில்லாத பாட்டிலை வாங்குவதானால் முன்வரிசையை விட்டு, பின்னால் இருப்பதையோ அட்டைப்பெட்டிக்குள் இருப்பதையோ எடுங்கள்.

இரண்டாவது வெப்பம். ஜன்னலோரம், குளிர்பெட்டியின் மோட்டாருக்கு மேலே உள்ள தட்டு, வாசலில் வெயில்படக் குவித்த விற்பனைக் குவியல் ஆகிய இடங்களில் எடுக்காதீர்கள். கார்க் கழுத்துக்கு மேலே தள்ளியிருந்தாலோ, மூடிக்குக் கீழே பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருந்தாலோ அந்தப் பாட்டில் சூடுபட்டது. ஒரே வரிசையில் நிற்கும் பாட்டில்களில் ஒன்றில் மட்டும் ஒயின் மட்டம் தாழ்ந்திருந்தால் அதையும் விடுங்கள்.

மூன்றாவது வயது. மலிவான ஒயின் வைத்துக் குடிப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. வெள்ளையும் ரோசேயும் கடைசி அறுவடையாகவோ அதற்கு முந்தையதாகவோ இருக்கட்டும். சிவப்பு இரண்டு முதல் நான்கு வயதுக்குள் இருக்கட்டும். ரியோஹா போன்றவை மட்டும் விலக்கு. தென்கோளத்தில் அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடப்பதால், ஒரே ஆண்டு போட்ட சிலி ஒயின் பிரெஞ்சு ஒயினைவிட அரை வயது மூத்தது. ஆண்டே போடாத குமிழி ஒயின் வழக்கமானது. ஆண்டு போடாத சாதாரண வெள்ளையில் வயதைக் கண்டுபிடிக்க வழியில்லாததால், விற்பனை வேகமாக நடக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

மூடியைப் பொறுத்தவரை இந்த விலையில் திருகு மூடியே மேல். இயற்கைக் கார்க்கில் டிசிஏ என்ற சேர்மம் சில நேரம் கலந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து, அதில் இரண்டு முதல் நான்கு பங்கு ஒரு லிட்டரில் இருந்தாலே நனைந்த அட்டை வாசனை வந்து பழ மணம் அமுங்கிவிடும். பிளாஸ்டிக் கார்க் இந்தத் தொல்லை தராது. ஆனால் மெதுவாகக் காற்றை உள்ளே விடுவதால், அப்படிப்பட்ட பாட்டிலை வாங்கினால் சீக்கிரம் குடித்துவிட வேண்டும்.

3 லிட்டர் பெட்டி ஒயின் நான்கு பாட்டிலுக்குச் சமம். கண்ணாடிச் செலவும் எடையும் மிச்சம். உள்ளிருக்கும் பை சுருங்கிக்கொண்டே வருவதால் திறந்த பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் தாங்கும். ஆனால் திறக்காத நிலையில் அதற்கு ஆயுள் குறைவு, பையின் வழியாகக் காற்று கசியும். அடியிலோ பக்கவாட்டிலோ அச்சிட்ட தேதியைப் பார்த்து, ஆறு மாதத்துக்குள் நிரப்பியதையே எடுங்கள்.

வீட்டில்

மலிவான சிவப்பு ஒயின் ருசிக்காமல் போக மிகப் பொதுவான காரணம் சூடு. 16 முதல் 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழச்சுவை தளரும். குடிப்பதற்கு 20 முதல் 30 நிமிடம் முன்பு குளிர்பெட்டியில் வையுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் சற்று நேரம். வெள்ளைக்கு நேர்மாறு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து 10, 15 நிமிடம் கழித்துக் குடித்தால்தான் மணம் வரும். ஒயின் சுமாராக இருந்தால் மட்டும் உறையக் குளிர்வியுங்கள். குளிர் குறையையும் மறைக்கும்.

திறந்தவுடன் தீக்குச்சி உரசிய வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் கொட்டிவிடாதீர்கள். காற்றுப் படாமல் அடைத்ததால், குறிப்பாகத் திருகு மூடி ஒயினில், கந்தகச் சேர்மங்கள் தேங்கியிருக்கும். ஒரு கூஜாவுக்குள் உயரத்திலிருந்து வேகமாக ஊற்றி, மறுபடி பாட்டிலுக்குள் ஊற்றினால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் போய்விடும். நனைந்த அட்டை வாசனையோ வினிகர் காட்டமோ இப்படிப் போகாது. அதை ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டு போகலாம். பாதிக்கு மேல் காலி செய்யாமல் கொண்டு போவது முறை.

பிடித்துப்போனால் அதே வாரம் திரும்பிப் போய் இன்னும் சில பாட்டில் வாங்கிவிடுங்கள். பெரிய அளவில் விற்கும் மலிவான ஒயின்களில் ஒரே லேபிளில், ஒரே ஆண்டில்கூட வெவ்வேறு தொட்டிகளின் ஒயின் வெவ்வேறு மாதங்களில் அடைக்கப்படும். கழுத்துக்கு அருகிலோ பின்லேபிளிலோ, பெரும்பாலும் ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் உள்ளதைத் தேடுங்கள். எண் மாறியிருந்தால் ஒரு பாட்டில் மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிச்சம் வைப்பதானால், திறந்த உடனேயே பாதியைச் சுத்தமான 375 மில்லி பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றித் திருகு மூடியால் மூடிவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் இருக்கக் கூடாது. சிவப்பானாலும் வெள்ளையானாலும் குளிர்பெட்டிக்குள் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் வரை நன்றாகவே இருக்கும்.